நூறு மைலில் ஒரு வெளிநாடு

சென்னையில் இருந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர். வழியாகப் போனால் சுமார் 150 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து விடலாம். போகிற வழியில் பாஸ்போர்ட் கேட்பவர் யாரும் இல்லை. சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிற ஊர் அது. "பாண்டி ட்ரிப்" என்று சொன்னாலே காலேஜ் பசங்களுக்கு ஒரு சந்தோஷம்.

இந்த 150 கிலோமீட்டரைக் கடந்து தனக்குப் பிடித்த சென்னைக்கு வர ஒருவருக்குப் பத்து வருடம் ஆயிற்று. அவர் பெயர் சி. சுப்பிரமணிய பாரதி.

பாரதி புதுச்சேரியில் இருந்தார் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம்தான். குயில்பாட்டு, பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு எல்லாம் அங்கே எழுதினார் என்று படித்து, ஐந்து மார்க் வாங்கி, மறந்தும் விட்டோம். ஆனால் அந்தப் பத்து வருடமும் அவர் சட்டப்படி ஒரு வெளிநாட்டில் இருந்தார் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்ஸியிலும் உட்கார்ந்து கொண்டு "சென்னை இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்கிறவர்களின் கதைதான் அவருடையதும். ஒரே வித்தியாசம், அவருடைய வெளிநாட்டில் பேசியதும் தமிழ், அடித்த வெயிலும் அதே வெயில், கண் முன்னால் கிடந்ததும் அதே வங்காள விரிகுடா.

இருபத்தோரு வயதில் ஒரு நகரம்

பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11, எட்டயபுரத்தில். 1904ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர் வேலை பார்த்தார். அது தற்காலிக வேலை. அதே ஆண்டின் இறுதியில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையின் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்து உதவி ஆசிரியர் ஆக்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தி ஒன்று முடிந்து இருபத்தி இரண்டு. இன்றைக்கு இன்ஜினியரிங் முடித்துவிட்டு முதல் வேலைக்கு ஊர் விட்டு ஊர் போகிற வயசு!

முதல் வேலை கிடைத்த ஊர் யாருக்குமே மறக்காது. சொந்தச் சம்பளம், சொந்த நண்பர்கள், கேள்வி கேட்க ஆளில்லாத ராத்திரிகள். பாரதிக்கு அதற்கு மேலும் கிடைத்தது. 1905ல் பெண்களுக்கான 'சக்கரவர்த்தினி' மாதப் பத்திரிகை அவர் கைக்கு வந்தது. 1906 மே மாதம் 'இந்தியா' வாரப் பத்திரிகை ஆரம்பமாயிற்று. 1907ல் விபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்து கடற்கரையில் பேசினபோது அந்த ஏற்பாடுகளில் முன்னால் நின்றவர்களில் பாரதியும் ஒருவர். திருவல்லிக்கேணி கடற்கரை மணலில் கூட்டம் போடுவதும், பாட்டுப் பாடுவதும், மறுநாள் அதையே பத்திரிகையில் எழுதுவதும்தான் அந்த நாட்களில் அவருடைய வாழ்க்கை.

மொத்தம் நான்கே வருடம் கூட இல்லை. ஆனால் எட்டயபுரத்து ஜமீன் கவிஞரை நாடறிந்த பத்திரிகைக்காரர் ஆக்கியது அந்தச் சென்னைதான்.

ஏன் போனார்?

1908 நல்ல ஆண்டு இல்லை. ஜூலையில் தூத்துக்குடிக் கப்பல் கம்பெனி வ.உ.சி.க்குத் திருநெல்வேலி கோர்ட்டில் இரண்டு ஆயுள் தண்டனை. பத்திரிகைகள் மேல் அடுத்தடுத்து ராஜத்துரோக வழக்கு. 'இந்தியா' பத்திரிகைக்கும் வாரண்ட் வந்தது. அரசாங்கப் பதிவில் ஆசிரியர் என்று இருந்த பெயர் எம். சீனிவாசன். நிஜத்தில் எழுதியது பாரதி. கைதானவர் சீனிவாசன். அவருக்கு ஐந்தாண்டு சிறை.

அடுத்து பாரதிதான் என்று நண்பர்கள் பயந்தார்கள், போய்விடு என்றார்கள். அவர் புதுச்சேரிக்குப் போனார்.

இது கொஞ்சம் சங்கடமான இடம்தான். பெயர் கொடுத்தவர் உள்ளே போனார், எழுதினவர் எல்லை தாண்டினார். பாரதியைத் தெய்வமாக்குகிற கட்டுரைகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடும். அப்படித் தாண்ட வேண்டியதில்லை. வெளிநாடு போகிற எல்லோருக்கும் பின்னால் போக முடியாமல் நின்றுவிட்ட ஒருவர் இருப்பார். சீனிவாசன் அப்படி ஒருவர்.

ஏன் புதுச்சேரி? அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். சென்னை போலீஸுக்கு அங்கே அதிகாரம் கிடையாது. ரயிலில் விழுப்புரம் போய் அங்கிருந்து கிளை ரயில் பிடித்தால் முடிந்தது. ஒரே ராத்திரியில் வேறு சர்க்கார், வேறு சட்டம், வேறு கொடி. இன்னொரு தகவல்: சென்னை எழும்பூரின் இப்போதைய ரயில் நிலையக் கட்டடம் திறக்கப்பட்டது அதே 1908 ஜூனில். நகரம் தெற்கே போவதற்கு ஒரு பிரம்மாண்டமான புது வாசலைத் திறந்து இரண்டு மாதம் கழித்து, அந்த நகரத்தின் கவிஞர் அதை விட்டுப் போனார்.

விசா இல்லாத விசா வாழ்க்கை

போன சில வாரங்களிலேயே 'இந்தியா' பத்திரிகை புதுச்சேரியில் இருந்து வெளிவரத் தொடங்கியது. மண்டயம் சீனிவாசாச்சாரியார் குடும்பம் அச்சு இயந்திரத்தை அங்கே கொண்டு வந்தது. பிரெஞ்சு மண்ணில் அச்சடித்து பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தபாலில் அனுப்புவது என்று ஏற்பாடு. கொஞ்ச நாள் நடந்தது. பிறகு பிரிட்டிஷ் அரசு அந்தப் பத்திரிகை தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. வாசகர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம், பத்திரிகை இந்தப் பக்கம். 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்று போனது.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். அதன் பிறகு புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்கள் எல்லோர் மேலும் சந்தேகம். பிரிட்டிஷ் ஒற்றர்கள் ஊர் முழுக்க வந்து இறங்கினார்கள். வீட்டு வாசலில், கடற்கரையில், கடைத்தெருவில் பின்னாலேயே நடந்தார்கள். கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன.

பிரெஞ்சு அரசும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. வெளியூரில் இருந்து வந்து தங்கியிருக்கிற அன்னியர்கள் எல்லோரும் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஐந்து பேரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிப் பதிவு செய்ய வேண்டும்! கலவை சங்கர செட்டியார் என்ற நல்ல மனிதர் முன்நின்று கையெழுத்துகள் வாங்கிக் கொடுத்ததால் இவர்கள் தப்பித்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஸ்பான்ஸர் லெட்டர், அட்டெஸ்டேஷன், ரெஜிஸ்ட்ரேஷன் ஆபீஸ் வரிசை. நூறு வருடத்துக்கு முன்னாலும் அதே கதை. தமிழ்க் கவிஞர் ஒருவர் தமிழ் பேசும் ஊரில் "இவர் நல்லவர்தான்" என்று ஐந்து பேரிடம் எழுதி வாங்க வேண்டியிருந்தது.

இன்னொரு சம்பவம். வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது வாளியோடு ஒரு ஜாடி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள். ஒற்றர்கள் ராத்திரியில் போட்டுவிட்டுப் போனது. சோதனையில் அது அகப்பட்டிருந்தால் பிரெஞ்சு அரசே எல்லோரையும் வெளியேற்றி இருக்கும். நண்பர்கள் கலந்து பேசி, தாங்களே பிரெஞ்சு போலீஸுக்குத் தகவல் சொன்னார்கள். பிறகு சோதனைக்கு வந்த பிரெஞ்சு மாஜிஸ்திரேட், அரவிந்தர் வீட்டில் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து மரியாதையோடு திரும்பிப் போனார் என்பது பாதி பேருக்குத் தெரிந்த கதை. மீதி பாதி, அந்த ஜாடி ஒரு நாள் முன்பின்னாக அகப்பட்டிருந்தால் பாஞ்சாலி சபதம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது.

எழுத்து போனது, ஆள் போகவில்லை

புதுச்சேரிக்கு வந்த புதிதில் பாரதி எழுதிய உரைநடை நூல் 'ஞானரதம்'. 'இந்தியா'வில் தொடராக வந்து 1910ல் புத்தகமாயிற்று. மனத்தை ஒரு ரதமாக்கி அதில் ஏறிப் பல உலகங்களைச் சுற்றி வருகிற கதை. அந்த ரதம் எங்கே இருந்து கிளம்புகிறது தெரியுமா? புதுச்சேரியில் இருந்து இல்லை. சென்னை திருவல்லிக்கேணி, வீரராகவ முதலித் தெரு வீட்டு மாடியில் இருந்து! கந்தர்வ லோகம், சத்திய லோகம் எல்லாம் போகக் கூடிய ரதத்துக்கு நிறுத்தம் மட்டும் திருவல்லிக்கேணி.

போக முடியாத ஊருக்குப் போக அவரிடம் இருந்த ஒரே வண்டி அதுதான்.

1915க்குப் பிறகு 'சுதேசமித்திரன்' மறுபடி அவருடைய கட்டுரைகளை வாங்கிப் போட ஆரம்பித்தது. காளிதாசன், சக்திதாசன் என்று பல பெயர்களில் எழுதினார். புதுச்சேரியில் எழுதித் தபாலில் போட்டால் சென்னையில் அச்சாகும். சென்னையில் இருந்த பரலி சு. நெல்லையப்பர் 1917ல் 'கண்ணன் பாட்டு', 'நாட்டுப் பாட்டு', 'பாப்பாப் பாட்டு' எல்லாவற்றையும் புத்தகங்களாக வெளியிட்டார். தன் புத்தகம் அச்சான நகரத்துக்குப் போய் அந்த மை வாசனையை முகர்ந்து பார்க்க எழுதியவருக்கு வழியில்லை. தூரம் நூறு மைல்!

தூரத்தை மைலில் அளப்பது தப்பு என்று தோன்றுவது இந்த இடத்தில்தான். அனுமதி இருந்தால் லண்டன் பக்கம். அனுமதி இல்லை என்றால் பக்கத்துத் தெருவும் தூரம். புதுச்சேரியின் எல்லை வேறு விசித்திரமானது. பிரெஞ்சுக் கிராமங்களும் பிரிட்டிஷ் கிராமங்களும் துண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. பேசிக் கொண்டே ஒரு வயல் வரப்பைத் தாண்டினால் அடுத்த நாடு. பாரதிக்கு அந்த வரப்புக்கு அப்பால் கைது காத்திருந்தது.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் இருந்த நான்கு வருடத்தில் பாரதி எழுதியதில் பெரும்பகுதி பத்திரிகைக் கட்டுரையும் தேசியப் பாடல்களும். நாம் இன்றைக்குத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற பெரிய படைப்புகள் வந்தது புதுச்சேரியில். 1912 ஒரே ஆண்டில் பகவத் கீதை மொழிபெயர்ப்பு, பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் என்று வரிசையாக வந்தன. முத்தியால்பேட்டையில் கிருஷ்ணசாமி செட்டியாரின் தோப்புதான் குயில்பாட்டின் குயில்தோப்பு. கனகசுப்புரத்தினம் என்ற உள்ளூர் ஆசிரியர் அவரைச் சந்தித்துப் பாரதிதாசன் ஆனதும் இந்த ஊரில்தான். பத்திரிகை நின்று போய், கூட்டம் போட வழியில்லாமல், கையில் காசில்லாமல் முடங்கிக் கிடந்த ஆண்டுகளில்தான் இவ்வளவும் நடந்தது. பிடித்த ஊரைப் பறிகொடுத்தவருக்குப் பிடிக்காமல் வந்த ஊர் கொடுத்தது இது.

மூன்று பேர், மூன்று முடிவு

புதுச்சேரியில் இப்படி மாட்டிக் கொண்டவர் பாரதி மட்டும் இல்லை. அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்து இறங்கினார். அவர் விட்டு வந்த நகரம் கல்கத்தா. வ.வே.சு. ஐயர் அதே ஆண்டு அக்டோபரில் வந்தார். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனவர், போலீஸ் தேடியதால் மாறுவேடத்தில் தப்பி, நேராகத் தமிழ்நாட்டுக்கு வராமல் புதுச்சேரியில் ஒதுங்கினார்.

மூன்று பேரும் ஒரே கடற்கரையில் நடந்தவர்கள். திரும்பிப் போகலாமா என்ற கேள்விக்கு மூன்று பேரும் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள்.

அரவிந்தர் போகவே இல்லை. 1920ல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்க வரச் சொல்லி டாக்டர் மூஞ்சே அழைத்தார். நாடு முழுவதும் பார்க்கிற மேடை. அரவிந்தர் மறுத்துக் கடிதம் எழுதிவிட்டார். கல்கத்தாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1950 டிசம்பர் 5 அன்று புதுச்சேரியிலேயே காலமானார். ஒதுங்க வந்த இடம் அவருக்கு ஊராகவே ஆகிவிட்டது.

ஐயர் பொறுத்திருந்தார். முதல் உலகப் போர் முடிந்து பொது மன்னிப்பு வந்த பிறகு 1920ல் வெளியே வந்தார். சென்னையில் 'தேசபக்தன்' ஆசிரியர் ஆனார். அடுத்த வருடமே ஒரு கட்டுரைக்காக ஜெயில். பத்து வருடம் எதற்காக ஒளிந்திருந்தாரோ அது சீக்கிரமே வந்து சேர்ந்தது. 1925ல் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்து போனார்.

பாரதியால் பொறுக்க முடியவில்லை.

1918 நவம்பர் 20

உலகப் போர் முடிந்தது 1918 நவம்பர் 11. சரியாக ஒன்பதாவது நாள் பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கடலூர் அருகே கைது செய்து கடலூர் ஜெயிலில் போட்டார்கள். அவருக்கு முப்பத்தாறு வயது முடிந்த டிசம்பர் 11 அந்த ஜெயிலுக்குள் கழிந்தது.

ஜெயிலில் இருந்து அவர் சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவுக்கு ஒரு மனு எழுதினார். அரசியலை எல்லாம் விட்டு விட்டேன், அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்பது அதன் சாரம். "அச்சம் இல்லை" என்று பாடியவரா இப்படி எழுதினார் என்று கேட்கிறவர்கள் உண்டு. அதைத் தூக்கிக் காட்டி அவரை மட்டம் தட்டுகிறவர்களும் உண்டு. தமிழ் பேசும் வெளிநாட்டில் பத்து வருடம், இரண்டு பெண் குழந்தைகள், நிலையான வருமானம் கிடையாது, பின்னாலேயே ஒற்றன். இதற்குப் பிறகு ஒரு மனிதன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதின கடிதமாக அதைப் படித்தால் அதில் அவமானம் எதுவும் தெரியாது. களைப்புத்தான் தெரியும். இன்றைக்கும் ஏதாவது ஒரு நாட்டில் இமிக்ரேஷன் மேஜை முன்னால், தன் வாழ்க்கையைப் பற்றி அதிகாரிக்குப் பிடித்த வார்த்தையில் எழுதிக் கொடுக்கிற தமிழர்கள் எத்தனை பேர்!

அன்னி பெசண்ட், சி.பி. ராமசாமி ஐயர், 'சுதேசமித்திரன்' ஏ. ரங்கசாமி ஐயங்கார் போன்றவர்கள் தலையிட்டுப் பேசினார்கள். டிசம்பர் 14 அன்று விடுதலை. ஆனால் நிபந்தனையோடு. இருப்பிடத்துக்குக் கட்டுப்பாடு. எழுதுவதை எல்லாம் போலீஸ் அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஆகவே வெளியே வந்தவர் சென்னையில் குடியேற முடியவில்லை. மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போனார்.

மறுபடி அதே கடற்கரை

பாரதி சென்னையைத் திரும்பப் பார்த்தது 1919 தொடக்கத்தில். மார்ச்சில் விக்டோரியா பப்ளிக் ஹாலில் 'நித்திய வாழ்வு' என்ற தலைப்பில் பேசினார்.

பத்து வருடத்தில் சென்னை எவ்வளவு மாறியிருந்தது? வெளியே பார்த்தால் அவ்வளவாக இல்லை. 1901 கணக்கெடுப்பில் சுமார் 5 லட்சத்து 9 ஆயிரம் பேர். 1921ல் சுமார் 5 லட்சத்து 27 ஆயிரம். இருபது வருடத்தில் வெறும் பதினெட்டாயிரம்தான் கூடியிருக்கிறது. அதே டிராம், அதே பார்த்தசாரதி கோயில், அதே மணல். இப்போது ஐந்து வருடம் கழித்து வருகிறவருக்குப் பழைய சென்னை அடையாளம் தெரியாது, மேம்பாலமும் மெட்ரோவும் வழியையே மாற்றி இருக்கும். பாரதிக்கு வழி மாறவில்லை, மனிதர்கள் மாறியிருந்தார்கள்.

அவரைச் சென்னைக்கு அழைத்து வந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1916ல் காலமாகி விட்டார். அவருடைய பாட்டுகளை 1907லேயே தன் செலவில் அச்சடித்து இலவசமாக வழங்கிய வி. கிருஷ்ணசாமி ஐயர் 1911லேயே இல்லை. ஜெயிலில் இருந்து 1912ல் வெளியே வந்த வ.உ.சி. கப்பலையும் வக்கீல் சன்னதையும் இழந்து வறுமையில் இருந்தார். பாரதி விட்டுப் போனபோது சுதேசிகள் என்று கொஞ்சம் பேர் கடற்கரையில் கூடுவார்கள். இப்போது பெசண்டின் ஹோம் ரூல் இயக்கம், 1916ல் தொடங்கிய நீதிக்கட்சி, 1918ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் என்று நகரம் நாலா பக்கமும் பேசிக் கொண்டிருந்தது. அவர் இல்லாமலேயே எல்லாம் நடந்திருக்கிறது. ஊர் திரும்புகிற எல்லோரையும் குத்துகிற விஷயம் இதுதான். நாம் இல்லாத போது ஊர் காத்துக் கொண்டிருக்கவில்லை.

அந்த மார்ச்சில்தான் காந்தி சென்னைக்கு வந்து கதீட்ரல் சாலையில் ராஜாஜியின் வீட்டில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்க ஹர்த்தால் நடத்தலாம் என்ற யோசனை அங்கேதான் தனக்குத் தோன்றியது என்று பிறகு சுயசரிதையில் எழுதினார். அந்த வீட்டுக்குள் பாரதி திடீரென்று நுழைந்த கதையை வ.ரா. எழுதியிருக்கிறார். காவலை எல்லாம் பொருட்படுத்தாமல் நேரே போய் காந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்று மாலை திருவல்லிக்கேணி கடற்கரையில் பேசப் போகிறேன், நீங்கள் தலைமை தாங்க முடியுமா என்று கேட்டார். இன்று முடியாது, நாளைக்குத் தள்ளி வைக்கலாமா என்றார் காந்தி. முடியாது என்று சொல்லி, உங்கள் இயக்கத்தை ஆசீர்வதிக்கிறேன் என்று கூறிவிட்டுப் பாரதி வெளியேறினார். இவர் யார் என்று காந்தி கேட்க, எங்கள் தமிழ்க் கவி என்றார் ராஜாஜி. இவரைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும் என்றாராம் காந்தி.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கடைசி வரியைத்தான் சொல்வார்கள். நடுவில் இருக்கிறதைக் கவனித்துப் பாருங்கள். வந்தவர் நேரே போனது அதே திருவல்லிக்கேணி கடற்கரைக்கு. 1907ல் விட்ட இடத்தில் இருந்து 1919ல் தொடர்கிறார். நடுவில் பன்னிரண்டு வருடமே இல்லாதது போல.

பத்து வருடத்துக்குப் பத்து மாதம்

கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கி, 1920 நவம்பரில் பாரதி மறுபடி 'சுதேசமித்திரன்' உதவி ஆசிரியர் ஆனார். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்த அதே பத்திரிகை, அதே வேலை. திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியேறினார்.

1921ல் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது எல்லோருக்கும் தெரியும். யானையின் காலடியில் கிடந்தவரைப் பாய்ந்து போய்த் தூக்கியவர் குவளைக் கண்ணன். அவர் பாரதிக்கு நண்பர் ஆனது புதுச்சேரியில். சென்னை வீதியில் சென்னையின் கவிஞரைக் காப்பாற்ற, அந்த வெளிநாட்டு நட்புதான் வந்தது.

காயம் ஆறியது. ஈரோடு கருங்கல்பாளையம் போய் "மனிதனுக்கு மரணமில்லை" என்று பேசிவிட்டும் வந்தார். பிறகு வயிற்றுக் கடுப்பு. செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் போனது. வயது முப்பத்தெட்டு. கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்குக் கூட வந்தவர்கள் மிகச் சிலர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்து வருடம் காத்திருந்த நகரத்தில் அவர் மறுபடி குடியிருந்தது பத்து மாதம்.

இது வீணா? அரவிந்தர் மாதிரி இருந்திருக்கலாமா? ஐயர் மாதிரி இன்னும் ஒன்றரை வருடம் பொறுத்திருந்தால் கடலூர் ஜெயிலும் அந்த மனுவும் இல்லாமலே வந்திருக்கலாமே? இப்படிக் கேட்பது சுலபம். 1918 நவம்பரில் பொது மன்னிப்பு வரும் என்று யாரும் சொல்லவில்லை. வரப்பைத் தாண்டினால் ஜெயில் என்று தெரிந்தேதான் அவர் தாண்டினார். நல்ல நாளுக்குக் காத்திருக்கிறவர்கள் கடைசி வரைக்கும் காத்திருக்கிறார்கள் என்பதை வெளிநாட்டில் "இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஊருக்கு வந்துடுவேன்" என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக் கொண்டிருக்கிற அண்ணன்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர் பாரீஸ் பக்கம் இருக்கிறார்கள். லீவுக்குப் புதுச்சேரி வருகிறார்கள். ஒரு காலத்தில் அந்த ஊரில் இருந்து கொண்டு வேறு ஊருக்கு ஏங்கினார்கள். இப்போது வேறு ஊரில் இருந்து கொண்டு அந்த ஊருக்கு ஏங்குகிறார்கள்.

புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். சென்னை துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு தமிழக அரசின் நினைவில்லம். முதலாவது அவர் வேண்டா வெறுப்பாக வந்த ஊர், இரண்டாவது ஆசைப்பட்டுத் திரும்பின ஊர். இரண்டு வீட்டையும் ஒரே நாளில் பார்த்து விடலாம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

அடுத்த முறை பாண்டி ட்ரிப் போகிறவர்கள் பீச், பேக்கரி, போட்டோ எல்லாம் முடித்துவிட்டு ஒரு அரைமணி நேரம் அந்தத் தெருவுக்கும் போய் வாருங்கள். திரும்பும் போது பஸ் ஊர் எல்லையைத் தாண்டுகிற இடத்தில் கொஞ்சம் வெளியே பாருங்கள். ஒரு வளைவு, ஒரு பெயர்ப் பலகை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டீக்கடை. டிரைவர் வேகத்தைக் கூடக் குறைக்க மாட்டார்.